துப்பாக்கியில் ஜிபிஎஸ் வைத்தால் போதுமா?

அமெரிக்காவில் துப்பாக்கிச்சூடு நடந்ததாகச் செய்தி வந்தால், அதைப் பற்றிய பேச்சில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "தொலைந்த போனையே வீட்டில் உட்கார்ந்தபடி கண்டுபிடிக்கிறோம், துப்பாக்கிக்குள்ளும் ஒரு ஜிபிஎஸ் சிப்பை வைத்துவிட்டால் என்ன?" கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்பவர்கள்தான் குழப்புகிறார்கள். சிப் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள் சிலர். அரசாங்கம் வானத்திலிருந்து நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும் என்று பயப்படுகிறார்கள் வேறு சிலர். ஜிபிஎஸ் செய்யாத ஒரு வேலையை அது செய்வதாக இரண்டு தரப்புமே நினைத்துக்கொள்கின்றன.

அதனால் அடிப்படையிலிருந்தே தொடங்கலாம். இந்த முயற்சிகள் பெரும்பாலும் நடந்தது அமெரிக்காவில்தான், உதாரணங்களும் அங்கிருந்தே வரும்.

இடம் எப்படித் தெரிகிறது?

மின்னல் வெட்டியதும் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கி, இடி கேட்டதும் நிறுத்தும் விளையாட்டு பலருக்கும் தெரிந்திருக்கும். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மூன்று எண்ணியதும் இடி கேட்டால், மின்னல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி விழுந்திருக்கிறது. தூரம் கிடைத்துவிட்டது, திசை கிடைக்கவில்லை. உங்களைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டம் போட்டால், அதன் மேல் எந்தப் புள்ளியிலும் விழுந்திருக்கலாம். பக்கத்து ஊரில் இன்னொருவர் எண்ணியிருந்தால் அவரைச் சுற்றி ஒரு வட்டம். மூன்றாவதாக ஒருவரும் எண்ணியிருந்தால், மூன்று வட்டங்களும் சேர்ந்து வெட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான் இருக்கும்.

ஜிபிஎஸ் இதையே ரேடியோ அலையை வைத்துச் செய்கிறது. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் முப்பதை ஒட்டிய எண்ணிக்கையில் அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் அடையாளத்தையும் நேரத்தையும் இடைவிடாமல் ஒலிபரப்புகிறது. போனில் இருக்கும் சிப் அதைக் கேட்டு, அலை கிளம்பிய நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தூரமாக மாற்றுகிறது. ரேடியோ அலை வினாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் போவதால், ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலே இடம் 300 மீட்டர் தள்ளிப் போய்விடும். செயற்கைக்கோளில் அணுக்கடிகாரம் இருக்கிறது, போனில் இல்லை. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் மூன்றுக்குப் பதில் நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டியிருக்கிறது. வானம் மறைக்காத இடத்தில் ஒரு சாதாரண போன் தன் இடத்தைச் சுமார் 5 மீட்டருக்குள் கண்டுபிடித்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜிபிஎஸ் சிப் கேட்க மட்டும்தான் செய்யும். எதையும் அனுப்பாது. அப்படி ஒரு சிப் இருப்பதே செயற்கைக்கோளுக்குத் தெரியாது.

தெரிந்ததை யார் வெளியே சொல்வது?

தான் எங்கே இருக்கிறோம் என்று துப்பாக்கிக்குள் இருக்கும் சிப் கண்டுபிடித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது சிப்புக்கு மட்டும் தெரிந்த விஷயம். உரிமையாளருக்கோ போலீசுக்கோ அது போய்ச் சேர வேண்டுமானால் இரண்டாவதாக ஒரு கருவி வேண்டும். பெரும்பாலும் சிம் கார்டு போட்ட ஒரு மொபைல் மோடம். அதற்கு மாதச் சந்தா, டவர் சிக்னல், முக்கியமாக பேட்டரி எல்லாம் வேண்டும்.

பேட்டரிதான் இதில் பெரிய தலைவலி. போனை நாம் தினமும் சார்ஜ் போடுகிறோம். மேசை இழுப்பறையில் மாதக்கணக்கில், சில வீடுகளில் வருடக்கணக்கில், தொடாமல் கிடக்கும் ஒரு பொருளை யார் சார்ஜ் போடுவார்கள்? அடிக்கடி இடத்தை அனுப்பும் சிறிய கருவி சில நாட்களிலோ வாரங்களிலோ ஓய்ந்துவிடும். திருட்டுப் போகும் அன்று அதில் உயிர் இருக்குமா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

அடுத்தது உலோகம். துப்பாக்கியின் குழலும் மேல்பகுதியும் எஃகு. ஆன்டெனா எஃகை ஒட்டி இருந்தால் சரியாக வேலை செய்யாது. பல பிஸ்டல்களில் கைப்பிடி பிளாஸ்டிக் என்பதால் அங்கே கொஞ்சம் இடம் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு முறை சுடும்போதும் அந்த எலக்ட்ரானிக்ஸ் ஒரு பெரிய அதிர்ச்சியைத் தாங்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. பொறுப்பான உரிமையாளர் துப்பாக்கியை எங்கே வைப்பார்? எஃகுப் பெட்டகத்தில். எஃகுப் பெட்டகம் ரேடியோ அலையை உள்ளேயும் விடாது, வெளியேயும் விடாது. ஆக, துப்பாக்கி மிகப் பத்திரமாக இருக்கும் நேரத்தில் கருவி மௌனமாகிவிடும். திருடன் அதை ஒரு தகரப் பெட்டியில் போட்டு மூடினாலும் அதே மௌனம்தான். இரண்டுக்கும் திரையில் வித்தியாசம் தெரியாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: இடத்தைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, அதை வெளியே சொல்வது வேறொரு வேலை. துப்பாக்கி விஷயத்தில் சிக்கல் முழுக்க இரண்டாவதில்தான்.

ஏர்டேக்கை ஒட்டிவிட்டால்?

தொலைந்த பொருளைத் தேடுவதற்காக ஆப்பிள் செய்த, சாவிக்கொத்தில் மாட்டும் ஏர்டேக் 2021இல் வந்தது. ஒரு சிறிய பட்டன் பேட்டரியில் சுமார் ஒரு வருடம் ஓடும். அப்படியானால் பேட்டரிப் பிரச்சினை தீர்ந்துவிட்டதே என்று தோன்றும். தீர்ந்ததற்குக் காரணம், அதற்குள் ஜிபிஎஸ்ஸும் இல்லை, சிம் கார்டும் இல்லை. புளூடூத், அதாவது சில பத்து மீட்டருக்குள் மட்டும் எட்டும் குறைந்த சக்தி ரேடியோ, அதன் வழியாகத் தன் அடையாளத்தை அவ்வப்போது வெளியிடும். அவ்வளவுதான் அதன் வேலை. அந்தப் பக்கம் போகும் யாரோ ஒருவருடைய ஐபோன் அதைக் கேட்டு, தன் சொந்த இடத்தை ஆப்பிள் சர்வருக்கு மறைகுறியாக்கி அனுப்பும். நகரத்தில் இது நன்றாக வேலை செய்யும். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் செய்யாது.

பெரிய சிக்கல் வேறு. ஒருவருக்குத் தெரியாமல் அவர் பையில் ஏர்டேக்கைப் போட்டுப் பின்தொடரும் அக்கிரமம் நடந்ததால், அதைத் தடுக்க எச்சரிக்கை வைத்தார்கள். அறிமுகமில்லாத டேக் ஒன்று உங்களோடு சேர்ந்து நகர்ந்தால் உங்கள் போன் சொல்லிவிடும். 2024 மே மாதத்திலிருந்து ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து இதை ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டுக்கும் பொதுவாக்கின. துப்பாக்கியைத் திருடியவன் பையிலும் போன் இருக்கும் அல்லவா? அவனுக்கும் அதே எச்சரிக்கை போகும். இதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பின்தொடரப்படும் ஒரு பெண்ணைக் காப்பாற்றும் வசதியை, திருட்டுப்பொருளைப் பிடிப்பதற்காக எடுத்துவிட முடியாது.

இருந்தாலும் காருக்குள் பூட்டி வைக்கும் சிறிய பெட்டகத்தில் ஒரு டேக் ஒட்டுவதில் பயன் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் திருட்டுப் போகும் துப்பாக்கிகளில் பெரும்பங்கு கார்களிலிருந்துதான் போகிறது. பெட்டகத்தோடு தூக்கிக்கொண்டு போனால் முதல் சில மணி நேரத்துக்கு ஒரு தடயம் கிடைக்கலாம். அந்தத் தடயத்தைப் போலீசிடம் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். போனைப் பார்த்துக்கொண்டே துரத்திப் போனால், எதிரில் இருப்பவன் கையில் உங்கள் துப்பாக்கி இருக்கும்.

ராணுவக் கிடங்கின் அனுபவம்

2021இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ஒரு கணக்கை வெளியிட்டது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் அமெரிக்க ராணுவத்திடமிருந்து குறைந்தது 1,900 துப்பாக்கிகள் காணாமலோ திருட்டோ போயிருந்தன. அவற்றில் சில பிறகு தெருக் குற்றங்களில் சிக்கின.

துப்பாக்கிகள் குவிந்திருக்கும் ஒரு ராணுவக் கிடங்கில் தினமும் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து எண்ணுவது சலிப்பான வேலை. அதற்காகச் சில படைப்பிரிவுகள் ஆர்எஃப்ஐடி டேக்கைப் பயன்படுத்தின. இது பேட்டரியே இல்லாத சிறிய சில்லு. படிக்கும் கருவி அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். நம் ஊர் சுங்கச்சாவடியில் கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கும் இதே நுட்பம்தான். கிடங்கு அலமாரியை ஒருமுறை கருவியால் தடவினால், எத்தனை இருக்கிறது, எது வெளியே போயிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் அதே ஆண்டு அந்தச் செய்தி நிறுவனமே நடத்திய விசாரணையில் வேறொரு பக்கம் தெரிந்தது. டேக்கை எளிதாக நகல் எடுக்க முடிந்தது. நகலை அலமாரியில் வைத்துவிட்டு அசலை எடுத்துக்கொண்டு போனால் கருவி "எல்லாம் சரி" என்றுதான் சொல்லும். டேக்கை எதிர்பார்த்ததைவிடத் தூரத்திலிருந்தும் படிக்க முடிந்தது. போர்க்களத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். சிப்பாய் எங்கே பதுங்கியிருக்கிறார் என்று அவருடைய துப்பாக்கியே எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும். மரைன் படை இந்தக் காரணத்தால் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டது.

கிடங்குக்குள் எண்ணுவதற்கு மட்டும் என்றால், கூடவே கையால் எண்ணும் வழக்கத்தையும் விடாமல் வைத்திருந்தால், ஆர்எஃப்ஐடி நல்ல உதவியாள். அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போனபின் அதனால் ஒன்றும் ஆகாது.

அருகில் இருந்தால் மட்டும் சுடும் துப்பாக்கி

உலக வரைபடத்தில் எங்கே என்று தெரிய வேண்டிய அவசியம் எல்லா நேரத்திலும் இல்லை. உரிமையாளரின் கைக்கு அருகில் இருக்கிறதா, இல்லையா என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்று யோசித்தவர்களும் உண்டு.

ஜெர்மனியின் ஆர்மாடிக்ஸ் நிறுவனம் ஐபி1 என்ற சிறிய பிஸ்டலை அப்படித்தான் செய்தது. கூடவே ஒரு கைக்கடிகாரம். கடிகாரம் சுமார் 25 சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான் துப்பாக்கி சுடும். பிள்ளையோ திருடனோ எடுத்தால் சுடாது. 2014இல் அமெரிக்காவில் இதை விற்க முன்வந்த கடைக்காரர்களுக்குப் பெரும் எதிர்ப்பும் மிரட்டலும் வந்தன. அதற்கு ஒரு சட்டம் காரணம். இப்படிப்பட்ட துப்பாக்கி நாட்டில் எங்காவது விற்பனைக்கு வந்தால், குறிப்பிட்ட காலத்துக்குள் தங்கள் மாநிலத்தில் இந்த வகையை மட்டுமே விற்க வேண்டும் என்று நியூ ஜெர்சி 2002இல் சட்டம் போட்டிருந்தது. நல்ல நோக்கத்தோடு போட்ட சட்டமே அந்தப் பொருள் கடைக்கு வராமல் தடுத்துவிட்டது. 2019இல் அதைத் திருத்தினார்கள்.

இதற்கிடையே 2017இல் ஒரு ஹேக்கர் சுமார் 15 டாலர் விலையுள்ள காந்தங்களைத் துப்பாக்கியின் பக்கவாட்டில் வைத்து, கடிகாரம் இல்லாமலேயே சுட்டுக் காட்டினார். உள்ளே பூட்டாக இருந்த உலோகத் துண்டைக் காந்தம் இழுத்துவிட்டது. ரேடியோ, குறியீடு எல்லாம் ஒரு பக்கம் கிடக்க, கதவின் கீல் கழன்று வந்த கதை.

2023இல் கொலராடோவின் பயோஃபயர் நிறுவனம் கைரேகையையும் முகத்தையும் பார்த்துத் திறக்கும் பிஸ்டலை அறிவித்தது. அதில் ஜிபிஎஸ் கிடையாது. யார் கையில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு அவ்வளவு வேலை இல்லை.

போலீசின் இடுப்பில்

தினமும் சார்ஜ் போட ஆள் உண்டு, தனியுரிமை வாதம் குறைவு, துப்பாக்கி எப்போதும் ஒரே ஆளிடம் இருக்கும். இந்த மூன்றும் பொருந்தி வருவது போலீசுக்குத்தான். கலிஃபோர்னியாவின் யார்டாம் நிறுவனம் 2014இல் சாண்டா குரூஸ் மாவட்ட ஷெரிஃப் துறையோடும் டெக்சாஸின் கேரல்டன் போலீசோடும் சேர்ந்து ஒரு சென்சாரைச் சோதித்தது. பிஸ்டல் கைப்பிடியின் வெற்றிடத்தில் சென்சார் உட்காரும். துப்பாக்கி உறையிலிருந்து வெளியே வந்ததா, எந்தத் திசையில் நீட்டப்பட்டது, சுட்டதா என்று கவனித்து, புளூடூத் வழியாக அதிகாரியின் போனுக்குச் சொல்லும். போன் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும். தனியாக மாட்டிக்கொண்ட அதிகாரி வாய் திறக்காமலேயே உதவி கிளம்பிவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். இங்கே இடத்தைக் கண்டுபிடிப்பது துப்பாக்கி அல்ல, போன். துப்பாக்கியில் இருப்பது அசைவைக் காட்டும் சென்சார் மட்டும். போனைத் திருப்பினால் திரை திரும்புவதும் அதே வகைச் சென்சாரால்தான். ஆக்ஸான் நிறுவனம் இன்னும் எளிமையாக, சென்சாரைத் துப்பாக்கி உறையிலேயே வைத்தது. துப்பாக்கியை உருவியதும் சுமார் 9 மீட்டருக்குள் இருக்கும் போலீஸ் உடல் கேமராக்கள் தானாகப் பதிவு செய்யத் தொடங்கும். என்னைக் கேட்டால், இந்தத் துறையில் வந்தவற்றில் அதிகம் அலட்டாமல் உருப்படியாக ஒரு வேலையைச் செய்வது இதுதான்.

மறுபடி ஒரு நிறுத்தம். டேக், கடிகாரம், உறைச் சென்சார் என்று பார்த்த எதிலும் துப்பாக்கிக்குள் ஜிபிஎஸ் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு சிறிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது: அலமாரியில் இருக்கிறதா, உரிமையாளர் பக்கத்தில் இருக்கிறாரா, உறையை விட்டு வந்ததா.

வெடிச்சத்தத்தின் இடம்

இடி கணக்கை நேரடியாகவே பயன்படுத்தும் ஒரு முறையும் உண்டு. ஷாட்ஸ்பாட்டர் என்ற அமைப்பில் தெருவிளக்குக் கம்பங்களிலும் கூரைகளிலும் மைக்ரோஃபோன்கள் இருக்கும். ஒரு வெடிச்சத்தம் ஒவ்வொன்றுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்துச் சத்தம் கிளம்பிய இடத்தைக் கணக்கிடுவார்கள். யாரும் போன் செய்யாவிட்டாலும் போலீஸ் போய்ச் சேரும், அடிபட்டுக் கிடப்பவருக்கு உதவி கிடைக்கும் என்பது வாதம்.

கணக்கு சரியானதுதான். ஆனால் பட்டாசா, காரின் புகைக்குழாய் வெடிப்பா, துப்பாக்கியா என்று பிரிப்பது வேறு வேலை. சிகாகோ நகரத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் 2020 ஜனவரி முதல் 2021 மே வரை வந்த 50,000க்கும் அதிகமான எச்சரிக்கைகளை ஆராய்ந்தபோது, துப்பாக்கிக் குற்றத்துக்கான சான்று கிடைத்தது சுமார் 9 சதவீதத்தில்தான். அந்த நகரம் 2024 செப்டம்பரில் இதை நிறுத்திக்கொண்டது.

வேலி போட முடியுமா?

பள்ளிக்கூட எல்லைக்குள் வந்தால் துப்பாக்கி தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்ற யோசனை அடிக்கடி வருகிறது. வரைபடத்தில் ஓர் எல்லை வரைந்து, அதைத் தாண்டினால் கருவி தானாக ஒன்றைச் செய்யும்படி வைப்பதை மின்வேலி என்று வைத்துக்கொள்வோம். டிரோன்களில் இது இருந்தது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பறக்கவிடாமல் டிஜேஐ டிரோன்கள் தாமாகவே நின்றுவிடும். 2025 ஜனவரியில் அந்த நிறுவனம் அமெரிக்காவில் தடுப்பை எடுத்துவிட்டு எச்சரிக்கையாக மட்டும் மாற்றியது.

டிரோன் திறந்த வானத்தில் பறக்கிறது. அதனால் ஜிபிஎஸ் தெளிவாகக் கிடைக்கும். பள்ளிக்கூடம் கான்கிரீட் கட்டடம், உள்ளே சிக்னல் தடுமாறும். சிக்னல் கிடைக்காத நேரத்தில் துப்பாக்கி சுட வேண்டுமா, சுடக் கூடாதா? சுடும் என்று வைத்தால், ஆன்டெனாவை அலுமினியத் தாளால் மூடினால் வேலி போய்விடும். சுடாது என்று வைத்தால், தற்காப்புக்காக வாங்கியவர் வீட்டு நிலவறையில் நிற்கும்போது அது வெறும் இரும்பு. இரண்டையும் திருப்திப்படுத்தும் பதிலை இதுவரை யாரும் கொண்டுவரவில்லை. தவிர, ஏற்கெனவே மக்கள் கையில் இருக்கும் கோடிக்கணக்கான துப்பாக்கிகளில் எதிலும் இந்தச் சிப் கிடையாது.

இடம் தெரிந்தே நடக்கும் சாவுகள்

2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் 48,830 பேர் இறந்தார்கள். அதில் 26,328 தற்கொலைகள். பாதிக்கும் மேல். இந்தச் சாவுகளில் துப்பாக்கி எங்கே இருந்தது என்பது பெரும்பாலும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். படுக்கையறை அலமாரியில்தான் இருந்தது. குழந்தைகள் எடுத்து விளையாடி நடக்கும் விபத்துகளிலும் அதுதான் கதை. ஜிபிஎஸ் திரையில் புள்ளி ஒரு மீட்டர்கூட நகர்ந்திருக்காது.

இங்கே உதவக்கூடியது பூட்டும் தோட்டாவைத் தனியாக வைப்பதும்தான். தொழில்நுட்பம் வேண்டும் என்றால், பெட்டகக் கதவு திறந்தாலோ அசைந்தாலோ பெற்றோரின் போனுக்குச் செய்தி அனுப்பும் சென்சார் இருக்கிறது. வீட்டு வைஃபையில் ஓடுவதால் அதற்கு வானமும் வேண்டாம், டவரும் வேண்டாம். ஆனால் செய்தி வந்தபின் ஓடி வர ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். பூட்டு இல்லாத அலமாரியில் சென்சார் மட்டும் வைப்பது காசுக்குப் பிடித்த கேடு.

பட்டியல் யார் கையில்?

துப்பாக்கிகள் இருக்கும் இடங்களின் பட்டியலுக்கே ஓர் ஆபத்து இருக்கிறது. 2012 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் ஒரு செய்தித்தாள், இரண்டு மாவட்டங்களில் கைத்துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்களின் முகவரிகளை வரைபடமாக வெளியிட்டது. கடும் எதிர்ப்பு வந்து அடுத்த மாதமே எடுத்துவிட்டார்கள். எந்த வீட்டில் துப்பாக்கி திருடலாம், எந்த வீட்டில் பயமில்லாமல் நுழையலாம் என்று இரண்டையும் ஒரே படம் காட்டிக்கொடுக்கும் என்பது மக்களின் கோபம். 2022 ஜூனில் கலிஃபோர்னிய நீதித்துறையின் இணையதளத்தில் நடந்த தவறால், துப்பாக்கி எடுத்துச்செல்ல அனுமதி கேட்டிருந்த சுமார் 1,92,000 பேரின் விவரங்கள் வெளியே வந்தன. இவை அசையாத முகவரிகள் மட்டும். நிமிடத்துக்கு நிமிடம் நகரும் புள்ளிகளாக இருந்திருந்தால், யார் எப்போது வீட்டில் இல்லை என்பதும் சேர்ந்தே கசிந்திருக்கும்.

செதுக்கிய எண்

செய்திகளில் "துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்தார்கள்" என்று படித்தால், செயற்கைக்கோளை நினைக்க வேண்டாம். துப்பாக்கியின் உடலில் செதுக்கியிருக்கும் வரிசை எண்ணை வைத்து நடக்கும் வேலை அது. மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் இருக்கும், துப்பாக்கிகளின் தடம் தேடும் மத்திய அரசு மையத்துக்கு எண் போகும். தயாரித்தவரைக் கேட்பார்கள், அவர் மொத்த வியாபாரியைக் காட்டுவார், அவர் கடையைக் காட்டுவார், கடைக்காரரின் காகிதத்தில் முதலில் வாங்கியவர் பெயர் இருக்கும். மத்திய அரசு துப்பாக்கி உரிமையாளர்களின் பதிவேடு வைத்திருக்கக் கூடாது என்று 1986 சட்டம் தடுத்திருப்பதால், பெயரைப் போட்டுத் தேடும் வசதி அங்கே கிடையாது.

முதலில் வாங்கியவரோடு அந்தத் தடம் நின்றுவிடும். அதற்குப் பிறகு கை மாறியிருந்தாலும் திருட்டுப் போயிருந்தாலும், யாராவது புகார் கொடுத்திருந்தால்தான் தெரியும். புகாரில் வரிசை எண் இருந்தால், நாடு முழுவதும் போலீஸ் பார்க்கும் திருட்டுத் துப்பாக்கிப் பட்டியலில் அது ஏறும். வேறு மாநிலத்தில் அதே துப்பாக்கி பிடிபட்டால் உடனே பொருந்தும். எண்ணைக் குறித்து வைக்காத உரிமையாளரால் அந்தப் புகாரை முழுதாகக் கொடுக்க முடியாது. துப்பாக்கியைப் போட்டோ எடுத்து, எண்ணையும் எழுதி, வேறு இடத்தில் வைத்துக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். பேட்டரியும் வேண்டாம்.